சார்லஸ் மாசன் சொன்னதை எதுவரை நம்புவது?

ஹரப்பா மேட்டை நேரில் பார்த்து விவரித்தவர்களில் நாம் அறிந்த முதல் ஐரோப்பியர் சார்லஸ் மாசன். பலூசிஸ்தான், ஆப்கானிஸ்தான், பஞ்சாப் பகுதிகளில் அவர் சுற்றிய கதை 1842-இல் லண்டனில் மூன்று தொகுதிகளாக வெளிவந்தது. பஞ்சாபில் ஒரு சிற்றூரின் முன்னால், இடிந்த செங்கல் கோட்டை ஒன்றின் அருகே முகாம் போட்டிருந்ததை அதில் எழுதுகிறார். பின்னால் வட்டமான பெரிய மேடு. மேற்கே உச்சியில் கட்டட எச்சங்களோடு கரடுமுரடான ஓர் உயரம். அரசனின் காமவெறிக்கும் குற்றங்களுக்கும் தண்டனையாகத் தெய்வம் அந்த நகரை அழித்தது என்று ஊரார் சொன்னதையும், நகரம் ஒரு காலத்தில் சீச்சாவத்னி வரை நீண்டிருந்தது என்ற நம்பிக்கையையும் குறித்திருக்கிறார். அந்த மேட்டுக்கடியில் இருந்தது எத்தனை பழமையானது என்பது அவருக்கும் தெரியாது, படித்தவர்களுக்கும் தெரியாது. தயாராம் சஹானி அங்கே அகழத் தொடங்கியது 1920-களின் தொடக்கத்தில். ஜான் மார்ஷல் அதை உலகுக்கு அறிவித்தது 1924 செப்டம்பரில். மாசன் நூலின் கதை 1826-இன் இலையுதிர் காலத்தில் தொடங்குகிறது. அதனால் அவர் ஹரப்பாவைக் கண்ட ஆண்டு 1826 என்று பழைய நூல்கள் பலவற்றில் ஏறிவிட்டது. ஒரு சிக்கல்: 1826-இல் சார்லஸ் மாசன் என்றொரு மனிதர் உலகத்திலேயே இல்லை.

அந்த ஆண்டில் இருந்தவர் ஜேம்ஸ் லூயிஸ். 1800-இல் லண்டனில் பிறந்தவர். 1821-இல் கிழக்கிந்தியக் கம்பெனியின் படையில் சேர்ந்து, மறு ஆண்டு கல்கத்தா வந்து, வங்காளப் பீரங்கிப் படையில் சாதாரணச் சிப்பாயாக வேலை பார்த்தவர். 1825 முடிந்து 1826 பிறக்கும்போது பரத்பூர் கோட்டை முற்றுகையில் இருந்தார். 1827 ஜூலையில் ஆக்ராவில் இருந்த படையைவிட்டு ஒரு கூட்டாளியோடு ஓடிப்போனார். ஓடியவரைப் பிடித்தால் மரண தண்டனைகூடக் கிடைக்கும் என்ற காலம். மேற்கே பாலைவனம் கடந்து, கம்பெனியின் கை எட்டாத நாடுகளுக்குள் நுழைந்தபோது அவர் சார்லஸ் மாசன். ஊர் கேட்டால் அமெரிக்காவின் கென்டகி. 1830-இல் பாரசீக வளைகுடாவில் இருந்த புஷயர் துறைமுகத்தில் கம்பெனியின் பிரதிநிதியிடமே போய், அமெரிக்காவிலிருந்து புறப்பட்டு ஐரோப்பா, ரஷ்யா வழியாகப் பல ஆண்டு பயணம் செய்து வந்தவன் என்று சொன்னார். பிரதிநிதி நம்பினார். தன்னைத் தேடிக்கொண்டிருக்கும் முதலாளியின் வீட்டுக்கே போய் விருந்தாளியாக உட்கார்ந்து வந்த துணிச்சல் அது. கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு என்பார்கள். இவருடையது ஏழு ஆண்டு தாங்கியது.

இப்படிப்பட்ட ஒருவரின் வாழ்க்கையை ஆராய்கிறவருக்கு முதல் கேள்வி இதுதான்: தன் பெயரையே பொய்யாகச் சொன்னவர், தான் தோண்டிய ஸ்தூபியில் என்ன கிடைத்தது என்று சொல்லும்போது மட்டும் ஏன் நம்ப வேண்டும்? வாழ்க்கை வரலாற்றுக்காரர்கள் இதற்கு இரண்டு எளிய வழிகளில் பதில் தேடியிருக்கிறார்கள். ஆளின் கதையில் மயங்கி, பொய்யை ஒரு சாகசமாக்கிவிடுவது ஒரு வழி. ஆளையே ஒதுக்கிவிட்டு, காசும் பேழையும் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன, அவை போதும் என்பது மற்றொன்று. இரண்டும் சரியில்லை. பொய்க்கு ஒரு காரணம் இருந்தது. காரணம் இருந்ததால் எல்லையும் இருந்தது. அந்த எல்லை எங்கே ஓடுகிறது என்று கண்டுபிடிப்பதுதான் மாசனின் வாழ்க்கையை ஆராய்கிறவரின் வேலை. அதைக் கண்டுபிடித்துவிட்டால், எல்லைக்கு வெளியே அவர் சொன்னவற்றை மற்றெந்தச் சாட்சியையும் எடைபோடுவதுபோல எடைபோடலாம். பல இடங்களில் அவருடைய சாட்சி அக்காலத்து நேர்மையான கனவான்களுடையதைவிடக் கனமாகவே இருக்கிறது.

எல்லையை எப்படிக் காண்பது? ஆவணங்களை, எழுதியவருக்கு அதில் என்ன ஆதாயம் என்ற கேள்வியோடு வரிசைப்படுத்துவதுதான் வழி. முதலிடம் கம்பெனியின் படைப் பதிவேடுகளுக்கு. ஜேம்ஸ் லூயிஸ் என்ற சிப்பாய் எந்த ஆண்டு சேர்ந்தான், எந்தப் படையில் இருந்தான், எந்த நாளில் காணாமல் போனான் என்று எழுதிய குமாஸ்தாவுக்கு அவனைப் பற்றி எந்த அக்கறையும் இல்லை. அக்கறையில்லாத கை எழுதியது வரலாற்றாசிரியனுக்குப் பொன். அடுத்து ஜோசையா ஹார்லன் என்பவரின் நினைவுக் குறிப்புகள். பென்சில்வேனியாவைச் சேர்ந்த இவர் உண்மையான அமெரிக்கர். ஆப்கன் அரசியலில் மூக்கை நுழைக்கக் கிளம்பிய ஆசாமி. 1827-இல் பகவல்பூர்ப் பக்கம் கந்தல் உடையோடு வந்து தாங்களும் அமெரிக்கர்கள் என்று சொன்ன இருவரைச் சந்தித்ததாக எழுதியிருக்கிறார். கென்டகிக்காரராக நடிக்கிறவர் ஒரு பென்சில்வேனியாக்காரரிடம் போய் மாட்டுவது பெரிய துரதிர்ஷ்டம்தான். ஆனால் ஹார்லன் பிற்பாடு மாசனுக்கு வேண்டாதவரானவர்; பெரிதுபடுத்திப் பேசுவதும் அவர் வழக்கம். எனவே சந்திப்பு நடந்த காலத்துக்கும் இடத்துக்கும் மட்டும் அவரைச் சாட்சியாக வைத்துக்கொள்ளலாம். மூன்றாவது, லூதியானாவில் கம்பெனியின் அரசியல் முகவராக இருந்த கிளாட் வேட் அனுப்பிய அறிக்கைகள். காபூலில் பழங்காசு சேர்க்கும் மாசன் ஓடிப்போன சிப்பாய் லூயிஸ்தான் என்று 1834-இல் மேலிடத்துக்குத் தெரிவித்தவர் அவர். அதன்பின் வந்தது 1835-இன் அரச மன்னிப்பு. மன்னிப்பு என்பதே குற்றத்தின் ஒப்புதல். அதைவிடத் தெளிவான ஆவணம் வேண்டியதில்லை.

இவற்றைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு 1842-இன் பயண நூலைப் படித்தால், பொய் எங்கே ஆரம்பித்து எங்கே முடிகிறது என்பது ஏறக்குறையக் கோடு கிழித்ததுபோலத் தெரிகிறது. பயணம் 1826-இல் தொடங்கியதாக அவர் எழுதியதற்குக் காரணம், 1827 ஜூலையை மறைக்க வேண்டியிருந்ததுதான். ஜூலைக்கு முன்பே ஒரு மாசன் பஞ்சாபில் அலைந்துகொண்டிருந்தால், ஜூலையில் ஆக்ராவிலிருந்து ஓடியவன் வேறு யாரோ. கதையின் தொடக்கத்தை ஏறக்குறைய ஓராண்டு பின்னுக்குத் தள்ளியதால் முதல் பகுதிப் பயணங்களின் காலக்கணக்கு முழுவதும் சாய்ந்துவிட்டது. இன்று ஆய்வாளர்கள் ஹரப்பாப் பயணத்தை 1829-இல் வைக்கிறார்கள். பொய் தொல்லியலுக்குள் கசிந்த இடம் இது. இதை மறைத்து மாசனுக்கு வக்காலத்து வாங்க வேண்டியதில்லை. ஆனால் கசிந்தது எது என்று பார்க்க வேண்டும்: தேதி மட்டுமே. கோட்டை, மேடு, செங்கல், ஊரார் சொன்ன கதை ஆகியவற்றை மாற்றிச் சொல்ல அவருக்கு எந்தத் தேவையும் இல்லை. ஹரப்பா மேடு எத்தனை உயரம் என்று பொய் சொன்னால் தூக்குக் கயிறு ஓர் அங்குலம்கூட விலகாது.

இங்கே ஒருவர் குறுக்கிடலாம். ஹரப்பாவைப் பற்றி மாசன் சொன்ன முடிவே தவறல்லவா? கிரேக்க ஆசிரியர்கள் சொல்லும், அலெக்சாந்தர் முற்றுகையிட்ட சங்கலா நகரம் இதுதான் என்று அவர் அடித்துச் சொன்னார். சங்கலா அங்கே இல்லை. அலெக்சாந்தருக்குச் சுமார் ஆயிரத்தைந்நூறு ஆண்டு முன்பே அந்த நகரம் தன் பெருவாழ்வை முடித்துக்கொண்டது. உண்மைதான். ஆனால் தவறான முடிவு வேறு, பொய்ச் சாட்சி வேறு. அந்தக் காலத்தில் வடமேற்கு இந்தியாவில் எந்த மேட்டைப் பார்த்தாலும் அலெக்சாந்தரைத் தேடுவது ஐரோப்பியர் எல்லாருக்கும் இருந்த பழக்கம். படித்த கிரேக்க நூல்களைத் தவிர வேறு அளவுகோல் அவர்களிடம் இல்லை. மாசனின் நல்ல குணம், பார்த்ததைத் தனியாகவும் நினைத்ததைத் தனியாகவும் எழுதியது. சங்கலாவை அடித்துவிட்டாலும் கோட்டையும் மேடும் காகிதத்தில் மிஞ்சுகின்றன. அவை மிஞ்சியது நல்லதாகப் போயிற்று. பின்னர் லாகூர்–முல்தான் ரயில் பாதை போட்டபோது ஒப்பந்தக்காரர்கள் ஹரப்பாவின் செங்கற்களை வண்டி வண்டியாக அள்ளினார்கள். ஏறத்தாழ நூறு மைல் பாதைக்கு அவை போதுமானதாக இருந்தன என்று அலெக்சாண்டர் கன்னிங்ஹாம் எழுதியிருக்கிறார். அந்தக் கொள்ளைக்கு முன் மேடு எப்படி இருந்தது என்று சொல்ல மூன்று பேர்தான்: மாசன், அவருக்குப் பின் 1831-இல் வந்த அலெக்சாண்டர் பர்ன்ஸ், 1850-களில் வந்த கன்னிங்ஹாம்.

மாசனின் உண்மையான பெருமை ஹரப்பா அல்ல. காபூலுக்கு வடக்கே இருக்கும் பெக்ராம் சமவெளி. அதையொட்டிய பக்ராம் விமானத் தளத்தால் உலகத்துக்குத் தெரிந்த அதே வட்டாரம். 1833-இல் அங்கே போன மாசன், பழங்காசு கிடைக்குமா என்று ஊராரிடம் கேட்டார். ஒருவரும் வாய் திறக்கவில்லை. கடைசியில் முதியவர் ஒருவர் தேய்ந்துபோன காசு ஒன்றை எடுத்து நீட்டினார். அதற்கு மாசன் இரண்டு பைசா கொடுத்ததும் இரண்டாவது காசு வந்தது, மூன்றாவது வந்தது, அப்படியே சுமார் எண்பது காசுகள் சேர்ந்துவிட்டன. முதலில் ஏன் மறைத்தார்கள் என்பதையும் அவர் கேட்டறிந்து எழுதியிருக்கிறார். காசு இருக்கிறது என்று தெரிந்தால் அதைத் தேட வெட்டி வேலைக்குப் பிடித்துக்கொண்டு போவார்களோ என்ற பயம். இந்த ஒரு குறிப்பே ஆளைப் பற்றி நிறையச் சொல்கிறது. அந்தக் காலத்து வெள்ளைக்காரப் பயணிகளில் பலர் இந்த இடத்தில் சுதேசிகளின் மூடத்தனம் என்று ஒரு வரி எழுதிவிட்டுப் போயிருப்பார்கள். ஓடிப்போன சிப்பாய்க்குக் கட்டாய வேலை என்றால் என்னவென்று தெரிந்திருந்தது போலும். அந்த முதல் பருவத்தில் மட்டும் 1,865 செப்புக் காசுகளும் சில வெள்ளிக் காசுகளும் மோதிரங்களும் முத்திரைகளும் சேர்ந்தன. அந்தச் சமவெளியில் ஆண்டுக்கு முப்பதாயிரம் காசுகளாவது கிடைக்கும், பெரும்பாலும் அவை காபூலின் செப்புக் கொல்லர்களிடமும் நாணயச் சாலைகளிலும் உருகிப்போகும் என்று அவர் கணக்கிட்டார். ஆண்டுதோறும் ஆள் வைத்து வாங்கத் தொடங்கியது அதனால்தான்.

காசை எல்லாரும் வாங்குவார்கள். பஞ்சாபில் ரஞ்சித் சிங்கிடம் வேலை பார்த்த பிரெஞ்சு, இத்தாலியத் தளபதிகள் வாங்கினார்கள். ஹோனிக்பெர்கர் என்ற மருத்துவர் மாசனுக்கு முன்பே காபூல் பக்கத்து ஸ்தூபிகளைத் திறந்து பொருள்களை அள்ளிக்கொண்டு ஐரோப்பாவுக்குப் போனார். அவர்கள் நல்ல காசைத் தேடினார்கள். மாசன் எல்லாக் காசையும் தேடினார். தேய்ந்த செப்புத் துண்டுகளையும் விடாமல் வாங்கினார், எது பெக்ராமில் கிடைத்தது, எது காபூல் கடைத்தெருவில் வாங்கியது என்று பிரித்துக் குறித்தார், ஒவ்வொரு வகையிலும் எத்தனை என்று எண்ணினார். ஓர் ஊரில் எந்த அரசனின் சில்லறை அதிகம் புழங்கியது என்று தெரிந்தால்தான் அங்கே யார் ஆண்டார்கள், எப்போது ஆட்சி மாறியது என்று ஊகிக்க முடியும். 1830-களில் இதைப் புரிந்துகொண்டவர்கள் மிகச் சிலரே. அந்தக் காசுகளின் ஒரு பக்கம் கிரேக்க எழுத்து, மறுபக்கம் யாருக்கும் படிக்கத் தெரியாத கரோஷ்டி எழுத்து. மெனாண்டர், அப்பொல்லடோட்டஸ் போன்ற பெயர்களும் ‘அரசன்’, ‘காப்பவன்’ என்ற பட்டங்களும் கிரேக்கத்தில் வரும் காசுகளில் மறுபக்கத்தில் ஒரே எழுத்துக் கோவைகள் திரும்பத் திரும்ப வருவதைக் கவனித்து, இவை ஒன்றுக்கொன்று ஈடான சொற்கள் என்று எழுதி அனுப்பியவர் மாசன். கல்கத்தா நாணயச் சாலையில் இருந்த ஜேம்ஸ் பிரின்செப் அதைப் பிடித்துக்கொண்டு கரோஷ்டியைப் படிக்கத் தொடங்கினார். முதல் குறிப்பு மாசனுடையது என்று அச்சிலேயே சொல்லவும் செய்தார். புகழ் பிரின்செப்புக்குப் போனது நியாயமே. எழுத்தைப் படித்தவர் அவர்தான். ஆனால் சாட்சியின் தரத்தைப் பற்றிப் பேசும்போது இது முக்கியம். மாசன் அனுப்பிய படியெடுப்புகளில் ஓர் எழுத்து கற்பனையாக இருந்திருந்தாலும் அந்தப் படிப்பு நின்றிருக்காது. 1838-இல் பெஷாவர் பகுதியின் ஷாபாஸ்கடிப் பாறையில் இருந்த நீண்ட எழுத்துகளைத் துணியில் படியெடுத்து வந்ததும் அவரே. லண்டனில் எட்வின் நாரிஸ் அந்தப் படியை வைத்துக்கொண்டுதான் அது அசோகனின் கட்டளை என்று கண்டறிந்தார்.

இதுவரை சொன்னவை சரிபார்க்கக் கூடியவை: பாறை இன்னும் இருக்கிறது, காசுகளும் இருக்கின்றன. சரிபார்க்க முடியாத இடத்தில்தான் உண்மையான சோதனை. மாசன் காபூல், ஜலாலாபாத் பகுதிகளில் ஐம்பதுக்கு மேற்பட்ட பௌத்த ஸ்தூபிகளைத் தோண்டியோ வரைந்தோ பதிவு செய்தார். ஜலாலாபாத் அருகே பீமரானில் இரண்டாம் எண் இட்ட ஸ்தூபியின் உள்ளே ஒரு கல் பேழை. அதன்மேல் சிவரக்ஷிதன் என்பவரின் கொடையைக் குறிக்கும் கரோஷ்டி எழுத்து. உள்ளே மணிகள் பதித்த சிறு தங்கப் பேழை. அதைச் சுற்றி வளைவுகளுக்குள் புத்தரும் தேவர்களும் நிற்கிறார்கள். கூடவே நான்கு செப்புக் காசுகள். இன்று பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கும் அந்தத் தங்கப் பேழையில் உள்ள உருவம், புத்தரை மனித வடிவில் காட்டும் மிகப் பழைய உருவங்களில் ஒன்று. எவ்வளவு பழையது? அதைச் சொல்லக் கையில் இருக்கும் முதன்மையான பிடி அந்த நான்கு காசுகள். அவை பேழையோடு இருந்தன என்பதற்கு இருக்கும் ஒரே ஆதாரம் மாசனின் சொல். ஸ்தூபி திறந்தாயிற்று, இன்னொரு முறை திறந்து பார்க்க முடியாது. புத்த உருவம் எப்போது பிறந்தது என்ற பெரிய விவாதத்தின் ஒரு கால், கென்டகிக்காரன் என்று புளுகிய ஒரு சிப்பாயின் குறிப்பில் ஊன்றி நிற்கிறது.

இதை நம்பலாம் என்பதற்கு என்னுடைய முக்கியமான காரணம், மாசனின் குணம் அல்ல, அவருடைய அறியாமை. பொய் சொல்கிறவனுக்குக் கேட்கிறவன் எதை விரும்புகிறான் என்று தெரிந்திருக்க வேண்டும். புஷயரில் அது அவருக்குத் தெரிந்திருந்தது. பீமரானில் தெரிய வழியே இல்லை. குஷாணர் வரிசை, சகர் வரிசை, அவர்கள் காசுகளின் காலம் எதுவும் அப்போது யாருக்கும் தெளிவில்லை; எந்தக் காசை எந்தப் பேழையோடு சேர்த்துச் சொன்னால் புகழ் கிடைக்கும் என்று கணக்குப் போட யாராலும் முடியாது. பீமரான் காசுகள் அஸெஸ் என்ற அரசன் பெயரைத் தாங்கியவை என்று அவர் காலத்தில் எண்ணினார்கள். பிற்கால ஆய்வாளர்கள் அவை அஸெஸ் காசின் மாதிரியில் பின்னால் வந்த முஜாத்ரியா என்ற சத்ரபின் காசுகள் என்கிறார்கள். அப்படித் திருத்த முடிந்ததே மாசனின் பதிவும் காசுகளும் சேர்ந்து மிஞ்சியதால்தான். ஹட்டாவில் பத்தாம் எண் ஸ்தூபியில் கிடைத்த குவியலையும் பாருங்கள். ரோமப் பேரரசர்களின் ஐந்தாம் நூற்றாண்டுத் தங்கக் காசுகளும் பாரசீக சாசானியரின் வெள்ளிக் காசுகளும் ஒன்றாக இருந்ததாக எழுதினார். இரண்டு வரிசைகளின் காலமும் பின்னால் தனித்தனியே தெளிவானபோது ஒன்றோடொன்று பொருந்தின. தனக்குத் தெரியாத உண்மையோடு பொருந்தும்படி யாரும் புளுக முடியாது.

இன்னொரு ஆட்சேபம் இதைவிடக் கடினமானது. மாசன் ஒற்றர். கம்பெனியின் சம்பளத்தில் காபூலிலிருந்து செய்தி அனுப்பியவர். அவர் சேர்த்தவை எல்லாம் கப்பலேறி லண்டன் போயின. இது அறிவுத் தேடலா, ஆக்கிரமிப்பின் முன்வேலையா? முதலில் கால வரிசையைச் சரிசெய்ய வேண்டும். பெக்ராம் தேடல் தொடங்கியது 1833-இல். கட்ச் பகுதியில் ரெசிடென்டாக இருந்த ஹென்றி பாட்டிஞ்சர் பரிந்துரைக்க, பம்பாய் அரசு அதற்குப் பணம் கொடுத்தது. செய்தி எழுதும் வேலை வந்தது 1835-இல், மன்னிப்போடு சேர்த்து. தோண்டுவதற்காக வந்தவரை, மன்னிப்பு என்ற கயிற்றைக் கழுத்தில் போட்டு ஒற்றராக்கினார்கள் என்று சொல்வதே பொருத்தம். அந்த வேலையை அவர் வெறுத்தார், 1838-இல் விட்டும் விலகினார். ஆனால் இதை வைத்து அவரைத் தூயவராக்கவும் முடியாது. 1830-இலேயே புஷயரில் தான் பார்த்த நாடுகளின் நிலவரத்தைக் கம்பெனிக்கு எழுதிக் கொடுத்தவர் அவர், யாரும் கட்டாயப்படுத்தவில்லை. காபூல் நாட்டின் பழஞ்செல்வம் அந்த நாட்டை ஆண்டவர்களுக்கோ மக்களுக்கோ சேர வேண்டியது என்ற எண்ணம் அவர் எழுத்தில் தலைகாட்டவில்லை. இந்தக் கணக்கு அவர்மேல் நிற்கிறது, நிற்கட்டும். ஆனால் இது உடைமை பற்றிய கணக்கு, உண்மை பற்றியது அல்ல. திருடிய பொருளைப் பற்றித் திருடன் கொடுக்கும் பட்டியல் சரியாகவே இருக்கலாம்.

அவருடைய பகைவர்கள் இதில் நமக்கு உதவுகிறார்கள். பர்ன்ஸையும் வேடையும், முதல் ஆப்கன் போரில் முடிந்த கொள்கையையும் மாசன் தன் நூலில் காரசாரமாகத் தாக்கினார். 1840-இல் கலாத்தில் கிளர்ச்சி வெடித்தபோது லவ்டே என்ற ஆங்கிலேய அதிகாரியோடு அங்கே சிறைப்பட்டு, தூது சொல்ல குவெட்டாவுக்கு அனுப்பப்பட்டவரை, கம்பெனி அதிகாரிகளே துரோகி என்ற சந்தேகத்தில் காவலில் வைத்தார்கள், லவ்டே கொல்லப்பட்டார், மாசன் 1841-இல்தான் விடுபட்டார். அந்தக் கசப்பும் நூலில் ஏறியிருக்கிறது. எனவே பர்ன்ஸைப் பற்றி அவர் சொல்வதை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. அங்கே அவருக்கு வழக்கு இருக்கிறது. பொய்யின் எல்லை முதலில் 1827-ஐச் சுற்றி ஓடியது என்றால், இரண்டாவது எல்லை பர்ன்ஸின் காபூல் தூதுப் பணியைச் சுற்றி ஓடுகிறது. இத்தனை செல்வாக்குள்ள பகைவர்கள் அவர் அரசியலையும் குணத்தையும் கிழித்தார்கள். ஆனால் காசுகளையும் ஸ்தூபிகளையும் பற்றிய அவர் பதிவுகளைத்தான் ஹெச். ஹெச். வில்சன் 1841-இல் வெளியிட்ட ‘ஏரியானா ஆன்டிக்வா’ அடித்தளமாகக் கொண்டது.

பொருள் போதும், ஆளின் கதை எதற்கு என்பவர்களுக்கு அருங்காட்சியகங்களின் வரலாறே பதில். மாசன் அனுப்பியவை லண்டனில் கம்பெனியின் இந்தியா மியூசியத்துக்குப் போயின. அந்த மியூசியம் 1870-களின் இறுதியில் கலைக்கப்பட்டது. பொருள்கள் பல இடங்களுக்குச் சிதறின. காசுகளில் ஒரு பகுதி 1887-இல் ஏலம் போயிற்று. எங்கே கிடைத்தது என்ற குறிப்பு இல்லாமல் தட்டுகளில் கிடந்த காசு, அழகாக இருந்தால் காட்சிப் பொருள், இல்லாவிட்டால் செப்புத் துண்டு. பெக்ராம் காசும் கடைத்தெருக் காசும் ஒன்றாகிவிட்டன. 1853-இல் மாசன் இறந்த பிறகு அவர் மனைவிக்குக் கம்பெனி நூறு பவுண்டு கொடுத்து எடுத்துக்கொண்ட கையெழுத்துப் பிரதிகள் இந்தியா அலுவலக நூலகத்தில் வேறு ஒரு திசையில் கிடந்தன. கோர்டன் விட்டரிட்ஜ் 1986-இல் மாசனின் வாழ்க்கை வரலாற்றை எழுதினார். 1990-களில் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் எலிசபெத் எர்ரிங்டன் தொடங்கிய திட்டம் காகிதத்தையும் காசையும் மறுபடி ஒன்றாக உட்கார வைத்தது. மாசனின் வரைபடங்கள், பட்டியல்கள், கடிதங்கள் ஆகியவற்றை வைத்துக்கொண்டு, இந்தப் பொருள் இந்த ஸ்தூபியில் கிடைத்தது என்று ஒவ்வொன்றாக அடையாளம் கண்டார்கள். 1995-இல் பிரிட்டிஷ் நூலகத்திலிருந்து ஆயிரக்கணக்கான காசுகள் இதற்காக அருங்காட்சியகத்துக்கு வந்து சேர்ந்தன. ஆளின் வாழ்க்கையை ஆராயாமல் இந்த வேலை நடந்திருக்காது. எந்த மாதம் எந்த ஊரில் இருந்தார், யாருக்கு எதை அனுப்பினார், யாரோடு சண்டை போட்டுப் பட்டியலை நிறுத்தினார் என்பதெல்லாம் தெரிந்தால்தான் பெட்டி எண்ணும் பொருளும் பொருந்தும்.

காலம் போகப் போக அந்தக் காகிதங்களின் மதிப்பு ஏறிக்கொண்டே வந்திருக்கிறது. ஹட்டாவின் பௌத்த மடங்கள் ஆப்கன் போர்களில் சிதைந்தன. காபூல் அருங்காட்சியகம் 1990-களில் சூறையாடப்பட்டது. மாசன் குகைச் சுவரில் தன் பொய்ப் பெயரைக் கிறுக்கிவிட்டு வந்த பாமியானின் பெரும் புத்தர்கள் 2001-இல் வெடிவைத்துத் தகர்க்கப்பட்டன. பல ஸ்தூபிகளுக்கு அவர் பென்சிலால் வரைந்ததைவிட முழுமையான பழைய பதிவு வேறில்லை. சிந்துவெளி எழுத்தைப் படிப்பவருக்குத் தமிழக அரசு 2025-இல் பத்து லட்சம் டாலர் பரிசு அறிவித்த பிறகு ஹரப்பாவின் கண்டுபிடிப்பு வரலாறு நம் ஊரிலும் பேசுபொருளாகியிருக்கிறது. அந்தப் பேச்சில் மார்ஷலுக்கும் சஹானிக்கும் முன்னால் மாசனின் பெயர் பெரும்பாலும் ஒரு வரியோடு, சில சமயம் 1826 என்ற தவறான ஆண்டோடு, கடந்துவிடுகிறது.

அவரை நேரில் படித்துப் பார்க்க விரும்புகிறவர்களுக்கு இன்று தடையில்லை. எர்ரிங்டனின் மூன்று ஆய்வுத் தொகுதிகளையும் பிரிட்டிஷ் அருங்காட்சியகம் 2017, 2021 ஆண்டுகளில் வெளியிட்டு, இணையத்தில் இலவசமாகவே வைத்திருக்கிறது. 1842-இன் பயண நூலும் இணையத்தில் கிடைக்கிறது. முதலில் ஆவணத் தொகுதியைப் படியுங்கள். அதன் பிறகு பயண நூலுக்குப் போங்கள். வரிசையை மாற்றினால் கதை உங்களை இழுத்துக்கொண்டு போய்விடும். மாசன் அவ்வளவு நன்றாக எழுதுகிறவர்.